வெள்ளிக் குழலும் வியர்த்த விரலும்

மேற்கத்தியப் புல்லாங்குழல் பழகுகிறவர்களைக் கலங்கடிக்கும் ஸ்வரம் ஒன்று உண்டு: நடு ஸ்தாயி சி ஷார்ப். அதை ஊத ஏறக்குறைய எல்லா விரல்களையும் சாவிகளிலிருந்து எடுத்துவிட வேண்டும். வலது சுண்டுவிரல் மட்டும் தன் சாவியை அழுத்திக்கொண்டிருக்கும். அந்தக் கணத்தில் குழலைத் தாங்குபவை மூன்றுதான்: இடது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி, வலது கட்டைவிரல், கீழுதட்டுக்குக் கீழே தாடை. மூன்றுமே வியர்க்கும் இடங்கள். குழலோ மெருகேற்றிய வெள்ளி. அது கீழே விழுவதில்லை. ஊதுபவரை நோக்கி மெல்ல உருளத் தொடங்கும்.

யாங்கோன் மாநகரின் மேற்கு ஓரத்தில், ஆற்றை ஒட்டியிருக்கும் அலோனில் ஒரு ஜூலை மாதப் பிற்பகலில் இதை ஊதிப் பார்ப்பதைவிடக் கடினமான சோதனை கிடையாது. மே நடுவில் இறங்கும் பருவமழை அக்டோபர் வரை விடாது. ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர், சென்னைக்குக் கிடைப்பதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. மழை விட்ட நேரத்திலும் காற்று ஈரத்தை விடாது. துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. துணி காயாத காற்றில் விரலும் காயாது என்பதுதான் இந்த அத்தியாயத்துக்கு அலோன் வேண்டியிருப்பதன் காரணம். ஐரோப்பிய நூல்கள் இந்தக் குழலைப் பிடிக்கச் சொல்லித்தரும் முறையெல்லாம் குளிர்நாட்டின் உலர்ந்த விரலை மனதில் வைத்து எழுதப்பட்டது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். உலோகம் வழுக்குகிறது, அதனால் குழல் நழுவுகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நம் மூங்கில் புல்லாங்குழலின் மேல்தோலும் வழவழப்பானதுதான். சிலர் எண்ணெய் பூசி இன்னும் வழவழப்பாக வைத்திருப்பார்கள். அது உருண்டு யாரும் அவதிப்படுவதாகக் கேள்விப்பட்டதில்லை. காரணம், மூங்கில் குழலுக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான். அதன் எடைமையம் நடு அச்சிலேயே இருக்கிறது, உருண்டாக வேண்டிய கட்டாயம் அதற்கில்லை. வெள்ளிக் குழலின் கதை வேறு. அதன் முதுகில் சாவிகள், சாவிகளை இணைக்கும் நீண்ட எஃகுத் தண்டுகள், அவற்றைத் தாங்கும் சிறு தூண்கள் என ஒரு முழு இயந்திரம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தண்டுகள் ஊதுபவரின் பக்கமாக அமைந்திருப்பதால் எடைமையம் அச்சிலிருந்து அந்தப் பக்கமாக விலகுகிறது. விலகிய எடை குழலைத் திருப்பப் பார்க்கிறது. வழுக்கல் அந்தத் திருப்பத்துக்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டால் விஷயம் துலங்கும். குழலின் எடையைச் சுமார் 400 கிராம் என்று கொள்வோம், அதாவது 4 நியூட்டன் விசை. எடைமையம் அச்சிலிருந்து 3 மில்லிமீட்டர் விலகியிருப்பதாக வைத்துக்கொண்டால், உருட்டும் திருப்புவிசை 12 மில்லிநியூட்டன் மீட்டர். குழாயின் ஆரம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். ஆகவே விரலும் குழாயும் தொடும் பரப்பில் 1.2 நியூட்டன் உராய்வு கிடைத்தால் குழல் அசையாது. உராய்வுக் கெழு 0.5 உள்ள விரலுக்கு இது பெரிய வேலையில்லை, 2.4 நியூட்டன் அழுத்தினால் போதும். அதே விரல் நனைந்து கெழு 0.2 ஆக இறங்கினால் 6 நியூட்டன் அழுத்த வேண்டும். குழலின் எடையே நான்குதான் என்பதை நினைத்துப் பாருங்கள். தூக்கிப் பிடிப்பதற்கு ஆகும் விசையைவிட, உருளாமல் தடுப்பதற்கு ஆகும் விசை அதிகமாகிவிடுகிறது.

உருண்டால்தான் என்ன என்று கேட்கலாம். குழல் உள்நோக்கி உருளும்போது ஊதும் துளையை உதடு கூடுதலாக மூடிவிடும். சுருதி இறங்கும், நாதம் அடங்கிப்போகும். வெளிநோக்கித் திரும்பினால் சுருதி ஏறும். ஆக, பிடி நழுவுவது முதலில் காதில்தான் தெரியும். கை பிறகுதான் உணரும்.

இந்தச் சிக்கலுக்குப் பிறந்த தேதியைக்கூடச் சொல்லலாம். மியூனிக் நகரத்துப் பொற்கொல்லர் மகனும், அரசவைப் புல்லாங்குழல் கலைஞருமான தியோபால்ட் போம் 1847இல் உருளை வடிவ உலோகக் குழலை உருவாக்கினார். அதற்கு முந்தைய ஐரோப்பியக் குழல்கள் பெரும்பாலும் மரத்தாலானவை, கூம்பு வடிவத் துளை கொண்டவை. ஒலியியல் என்ன கேட்கிறதோ அந்த இடத்தில், அந்த அளவில் துளைகளை வெட்டினார் போம். அவ்வளவு பெரிய, அவ்வளவு தள்ளித் தள்ளி அமைந்த துளைகளை மனித விரலால் மூட முடியாது. அதனால்தான் மூடிகளும் சாவிகளும் வந்தன. அவர் அமைத்த 19 மில்லிமீட்டர் உள்விட்டத்தை இன்றைய குழல்களும் ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கின்றன. உருளும் தொல்லை போமுக்குத் தெரியாமலில்லை. தன் குழல்கள் பலவற்றில் இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உட்காரும்படி ஒரு சிறிய ஊன்றுகோலைப் பொருத்தினார். பின்னால் வந்தவர்கள் சாவிகளை வைத்துக்கொண்டு ஊன்றுகோலைக் கழற்றிவிட்டார்கள். அழகு கருதியோ செலவு கருதியோ தெரியாது; என் பார்வையில் அது நல்ல முடிவாகப் படவில்லை.

இதே கண்ணோடு நம் பக்கத்து ஊதுகருவிகளைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. விரல் நடமாடும் இடம் மரமோ மூங்கிலோதான். நாகஸ்வரத்தின் உடலான உலவை நரசிங்கம்பேட்டைக்காரர்கள் ஆச்சா மரத்தில்தான் கடைகிறார்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும், பல பத்தாண்டு காய்ந்த உத்திரக் கட்டைக்குத்தான் அங்கே மதிப்பு. 2022இல் அந்த நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பர்மியர்களின் ஹ்னே நம் நாகஸ்வரத்துக்குத் தூரத்து உறவு. பனையோலைச் சீவாளி, ஏழு துளையுள்ள மர உடல், நுனியில் அகன்ற பித்தளை வாய். அந்தப் பித்தளை வாய் உடலோடு இறுகப் பொருந்தாமல் தளர்வாகத் தொங்கும். சைங்வைங் என்ற பர்மிய மேளத்தில் ஹ்னே ஊதுகிறவரின் விரல்கள் அந்தப் பித்தளைப் பக்கம் போவதே இல்லை. முழுக்க உலோகத்தாலான கொம்பு, எக்காளம், திருச்சின்னம் ஆகியவற்றில் விரல்துளையே கிடையாது. அவற்றை உள்ளங்கை முழுதும் சுற்றிப் பிடித்துவிடலாம். கும்பகோணம் ஆதிகும்பேஸ்வரர் கோயிலில் உள்ள கல் நாகஸ்வரத்தை விதிவிலக்கு என்று காட்டலாம். ஆனால் கல்லும் வெள்ளியைப்போல் கையின் ஈரத்தைப் பளபளப்பாக்கிக் காட்டுவதில்லை. உலோகக் குழாயின் மேல் விரல்களை ஓடவிட்டு, அந்த விரல்களிலேயே குழாயையும் தாங்கச் சொன்னது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா.

சரி, விரலுக்கும் வெள்ளிக்கும் நடுவே நடப்பது என்ன? பள்ளிப் பாடத்தில் நாம் படித்த உராய்வு விதிகள் கியோம் அமோந்தோன் 1699இல் சொன்னவை: உராய்வு, அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும், தொடும் பரப்பின் அளவைச் சார்ந்திராது. மரக்கட்டைக்கும் இரும்புக்கும் இது பொருந்தும். மனிதத் தோலுக்கு இது பொருந்தாது. தோல் மென்மையாக அமுங்கி, பரப்போடு ஒட்டிக்கொள்ளும் பொருள். அதன் உராய்வில் பெரும்பங்கு இந்த ஒட்டுதலால் வருவது. ஆகவே எவ்வளவு பரப்பு உண்மையில் தொடுகிறது என்பதே அங்கே தீர்ப்புச் சொல்கிறது. அழுத்தத்தை இரு மடங்காக்கினால் தொடுபரப்பு இரு மடங்காவதில்லை, பிடியும் இரு மடங்காவதில்லை. மேலே போட்ட கணக்கைவிட நிலைமை மோசம் என்று இதற்கு அர்த்தம். இறுக்க இறுக்க, ஒவ்வொரு கூடுதல் நியூட்டனுக்கும் கிடைக்கும் பலன் குறைந்துகொண்டே போகும்.

விரல்ரேகை பிடிப்புக்காகவே அமைந்தது என்று நெடுங்காலம் நம்பி வந்தோம். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் என்னோஸ் 2009இல் அக்ரிலிக் தகட்டின் மேல் விரலை இழுத்துச் சோதித்தார். ரேகைகளுக்கு இடையே உள்ள பள்ளங்கள் பரப்பைத் தொடுவதில்லை. அதனால் தொடுபரப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று தெரிந்தது. வழவழப்பான பரப்பில் ரேகை உராய்வைக் கூட்டவில்லை, குறைக்கிறது. அப்படியானால் ரேகை எதற்கு? 2020இல் சியோல் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விடை கொடுத்தார்கள். ரேகையின் மேட்டில்தான் வியர்வைத் துளைகள் இருக்கின்றன. விரல் காய்ந்திருந்தால் அவை தோலை நனைக்கின்றன. நீர் மிஞ்சினால் பள்ளங்கள் வழியே அது ஆவியாகி வெளியேறுகிறது. ரேகை, விரல்நுனியின் ஈரத்தை அளவாக வைத்திருக்கும் வடிகால் அமைப்பு.

ஈரத்துக்கு அளவு உண்டு என்பதுதான் இதில் முக்கியம். எலும்புபோல் காய்ந்த விரல் நன்றாகப் பிடிக்காது. தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டின் விறைத்துக் கிடக்கும், தொடுபரப்பு சிறிது. கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் கெரட்டின் இளகி, உலோகத்தோடு நன்றாகப் படிந்து, உராய்வு பன்மடங்கு உயரும். பணம் எண்ணுகிறவர் விரலை நனைத்துக்கொள்வது இதற்காகத்தான். அந்த அளவைத் தாண்டினால் தோலுக்கும் உலோகத்துக்கும் நடுவே நீர்ப்படலம் புகுந்து இரண்டையும் பிரித்துவிடும். உச்சிக்கு ஏறிய உராய்வு அதன் பிறகு சரிந்துவிடும். அலோன் மழைக்காலத்தில் விரல் எப்போதும் இந்த உச்சியைத் தாண்டிய சரிவில்தான் நிற்கிறது. சியோல் ஆய்வு சொல்லும் வடிகால், ஆவியாதலை நம்பியது. ஈரப்பதம் 85, 90 விழுக்காட்டில் இருக்கும் காற்று எதையும் எளிதில் ஆவியாக விடுவதில்லை.

போதாததற்கு உள்ளங்கை வியர்வைக்குத் தனிப் புத்தி உண்டு. உடலின் மற்ற இடங்கள் வெப்பத்துக்கு வியர்க்கும். உள்ளங்கையும் விரல்களும் வெப்பத்தைவிட மனதுக்குத்தான் அதிகம் கட்டுப்படுகின்றன. மேடை ஏறும் முன் கை நனைவது அதனால்தான். சி ஷார்ப் வரப்போகிறது என்ற நினைப்பே சி ஷார்ப்பைக் கெடுக்கப் போதுமானது.

குழல் நனைவதற்கு விரல் மட்டும் காரணமல்ல. 28 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை சுமார் 25 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் அந்தக் காற்று நீராகப் படியும். ஏசி அறையில் 22 டிகிரியில் இருந்த குழலை வெளியே எடுத்தால் அது வெளிப்புறமெல்லாம் வியர்க்கும். யாங்கோனில் அடிக்கடி நடப்பதுபோல் மின்சாரம் போய், ஜன்னலைத் திறந்துவிட்டாலும் இதே கதிதான். துணியால் துடைத்தால் அடுத்த நிமிடம் மறுபடி படியும். குழல் சூடேறும்வரை துடைப்பதில் பயனில்லை. கை படும் இடங்களும், மூச்சுக் காற்று முதலில் நுழையும் தலைப்பகுதியும் விரைவில் சூடாகும். மூச்சு ஆறிப்போய் வந்து சேரும் வால்பகுதி கடைசிவரை குளிர்ந்தே இருக்கும். வலது சுண்டுவிரல் வேலை செய்வது அந்தப் பக்கம்தான். மூங்கிலுக்கு இந்தத் தொல்லை குறைவு. வெள்ளி வெப்பத்தைக் கடத்துவதில் உலோகங்களிலேயே முதலிடம். மூங்கில் அதில் பல நூறு மடங்கு பின்தங்கியது, கை பட்ட இடம் சட்டென்று கையின் வெப்பத்துக்கு வந்துவிடும். வாத்தியத்தைப் பெட்டியிலேயே மூடி வைத்து, அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு திறப்பது காசு செலவில்லாத மருந்து.

மற்ற மருந்துகளுக்கு வருவோம். பலர் முதலில் தேடுவது முகப்பவுடரை. கேரம் போர்டில் காய் தடையில்லாமல் வழுக்கி ஓடத்தான் பவுடர் தூவுகிறோம். அதையே குழல் வழுக்காமலிருக்கவும் தூவுவது எனக்கு விளங்காத மர்மம். டால்க் ஈரத்தை உறிஞ்சும், உண்மைதான். ஆனால் அந்தத் தாதுவின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குபவை. மலையேறுகிறவர்கள் பூசும் மக்னீசியம் கார்பனேட் வேறு பொருள், ஆனாலும் அது பிடிப்பைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பதில் ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. வயலின்காரர்களின் ரோசின் நன்றாக ஒட்டும், சந்தேகமில்லை. அது சாவிகளின் அச்சுகளுக்குள்ளும் மூடிகளின் மெத்தைகளிலும் போய் ஒட்டிக்கொண்டால், ஒவ்வொரு சாவியும் திறக்கும்போது முத்தமிடும் சத்தம் கேட்கும். பொடி வகை எதையும் சாவி இயந்திரத்தின் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பது என் கட்சி.

தாடை வழுக்குகிறவர்களுக்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது: உதட்டுத் தகட்டில் தபால்தலையை ஒட்டுவது. கேட்கச் சிரிப்பு வரும். இயற்பியலோ அதன் பக்கம் நிற்கிறது. காகிதம் நீர்ப்படலத்தை உறிஞ்சிக்கொள்கிறது, அதன் நார்கள் தோலுக்குப் பற்றுக்கோடு தருகின்றன. நக்கி ஒட்டும் பழைய வகைத் தபால்தலையின் பசை நீரில் கரைவது, வெள்ளியைக் கெடுக்காது. ஊறிப்போனால் உரித்துவிட்டு வேறொன்றை ஒட்டலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் காகிதப் பிளாஸ்திரியும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அதன் பசை ஈரவெப்பத்தில் இளகிப் பிசுபிசுப்பாகத் தங்கிவிடும்.

கட்டைவிரல் படும் இடத்தில் ரப்பர் பேண்டைச் சுற்றுகிறவர்கள் ஒரு வாரம் கழித்து அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த முறையில்தான் ரப்பர் இன்றும் கெட்டிப்படுத்தப்படுகிறது. அதில் கந்தகம் உண்டு. வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தால் கறுப்பான வெள்ளி சல்பைடு. பேண்ட் இருந்த இடத்தில் கறுப்பு வளையம் தங்கிவிடும், ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். சிலிக்கோன் குழாயில் ஒரு துண்டை நீளவாக்கில் கீறி மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை. தொடக்கக்காரர்களின் குழல்கள் பெரும்பாலும் ஜெர்மன் சில்வர். செம்பு, துத்தநாகம், நிக்கல் கலவை, வெள்ளி பெயரில் மட்டும்தான். ஆனால் மேலே பூசியிருப்பது அசல் வெள்ளி முலாம். முலாம் போன இடத்தில் வியர்வை நேராக நிக்கலைத் தொடும். சிலருக்குத் தோல் அரிக்கும்.

இவை எல்லாமே உராய்வைக் கூட்டும் வழிகள். உராய்வே வேண்டாத வழி ஒன்று உண்டு, அதைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். வலது கட்டைவிரலுக்கு, குழாயிலிருந்து வெளியே நீளும் ஒரு தாங்கியை மாட்டுங்கள். அது அச்சிலிருந்து 20 மில்லிமீட்டர் தள்ளிக் கட்டைவிரலைத் தொட்டால், நம் பழைய கணக்கின் 12 மில்லிநியூட்டன் மீட்டரை எதிர்க்க 0.6 நியூட்டன் போதும். அதுவும் உராய்வாகக் கிடைக்க வேண்டியதில்லை; விரல் நேராகத் தள்ளினாலே ஆயிற்று. நேராகத் தள்ளும் விரல் நனைந்திருந்தால் என்ன, காய்ந்திருந்தால் என்ன? தம்ப்போர்ட், போ-பெப் போன்ற பெயர்களில் பிளாஸ்டிக் தாங்கிகள் விற்கிறார்கள்; தக்கையைச் செதுக்கியும் செய்துகொள்ளலாம். மரக் குழல் ஊதுகிறவர்கள் உருளல் குறைவு என்று சொல்வதிலும் இந்த நெம்புகோல் கணக்கு ஒளிந்திருக்கிறது. சுவர் தடித்த மரக்குழலின் ஆரம் 13 மில்லிமீட்டர் வரை வரும்; வேண்டிய உராய்வு ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும்.

தாங்கிகூட வேண்டாம் என்பவர்களுக்கு ஆங்கிலேயர் ரிச்சர்ட் ஷெப்பர்ட் ராக்ஸ்ட்ரோவின் முறை இருக்கிறது. 1890இல் வெளியான பெரிய நூலில் அவர் சொன்னது இது: தலைப்பகுதியைச் சற்று உள்நோக்கித் திருப்பிப் பொருத்தினால், ஊதும்போது சாவித்தண்டுகளின் எடை குழாயின் மேல் பக்கமாக ஏறிக்கொள்ளும், உருட்டும் விசை தணியும். பிடிப்பதையும் அவர் நெம்புகோலாகவே பார்த்தார். இடது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி நடுவே ஆதாரமாக நின்று குழலை ஊதுபவர் பக்கம் தள்ள, வலது கட்டைவிரல் எதிர்ப்பக்கம் தள்ள, தலைப்பகுதி தாடையில் பதிந்து நிற்கும். மேலும் கீழுமாக நசுக்கிப் பிடிக்கும் வேலை இதில் இல்லை.

நசுக்கிப் பிடிப்பதில் உடம்புக்கு ஆசை அதிகம். ஸ்வீடனின் உமெயோ நகரில் ரோலண்ட் யோஹான்சனும் யோரன் வெஸ்ட்லிங்கும் 1984இல் வெளியிட்ட சோதனையில், ஒரே எடையுள்ள பொருளின் பிடிப்பரப்பை உப்புத்தாள், மென்தோல், பட்டு என்று மாற்றினார்கள். பரப்பு வழுக்க வழுக்க, யாரும் சொல்லாமலே விரல்கள் இறுக்கத்தைக் கூட்டின. நுண்ணிய நழுவல் தொடங்கியதும் நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆவதற்குள் பிடி இறுகிவிடுகிறது. நினைத்துச் செய்ய முடியாத வேகம். டம்ளரைத் தூக்க இது நல்ல ஏற்பாடு. குழல் ஊத ஆகாது. பிடிக்கும் தசையும் விரலைத் தூக்கும் தசையும் ஒரே முன்கையில் இருக்கின்றன. ஒன்று இறுகினால் மற்றது தாமதிக்கும். "பிடியைத் தளர்த்து" என்று மாணவரைத் திட்டும் ஆசிரியர், குழல் உருள்வதை நிறுத்தாதவரை, முதுகுத்தண்டோடு வாதாடிக்கொண்டிருக்கிறார்.

கர்நாடக இசைக்காரருக்கு இன்னொரு கவலையும் உண்டு. மூங்கில் குழலில் கமகம் பிறப்பது விரல் துளையின் மேல் சறுக்கி, பாதி திறந்து, பாதி மூடுவதில்தான். 'மாலி' என்று அறியப்பட்ட டி.ஆர். மகாலிங்கம் (1926–1986) விரலிடும் முறையை மாற்றியமைத்து வாய்ப்பாட்டுக்கு நெருக்கமான அசைவுகளைக் குழலில் கொண்டுவந்தார். அந்த விரல்நுனிக்கு ரப்பர் பிடிப்பைக் கொடுத்தால் ராகமே நின்றுவிடும். பிடிக்க வேண்டிய தோலும் வழுக்க வேண்டிய தோலும் ஒரே கையில் இரண்டு அங்குல இடைவெளியில் இருக்கின்றன. எதை ஒட்டினாலும் தாங்கும் இடத்தில் மட்டும் ஒட்ட வேண்டும்.

சாக்ஸபோன் இந்த இரண்டையும் பிரித்துவிட்டது. அடோல்ப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற அந்தப் பித்தளைக் கருவி கழுத்துப் பட்டையில் தொங்குகிறது. வலது கட்டைவிரலுக்கு ஒரு கொக்கி இருக்கிறது. விரல்கள் எதையும் தாங்குவதில்லை. நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத் அதை மடியில் சாய்த்து, தரையில் உட்கார்ந்து கர்நாடக இசை வாசித்தார். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. பிராம்ஸ் மேடை ஏறினார். அதே ஆண்டு 'டூயட்' படத்தில் தமிழ்நாடே அவர் வாசிப்பைக் கேட்டது. அவரைப்போல் வாசிக்க ஆசைப்பட்டுக் கையில் எடுத்தவர்களுக்கு விரல் வழுக்கல் பெரிய குறையாக இருப்பதில்லை. ஆல்ட்டோ சாக்ஸபோனின் எடை இரண்டரை கிலோ அளவுக்கு வரும். நின்று வாசிக்கும்போது அத்தனையும் பின்கழுத்தில் ஒரு பட்டையளவு இடத்தில் இறங்குகிறது. அதற்காகத் தோள்கள் இரண்டுக்கும் எடையைப் பிரித்துத்தரும் வார்கள் விற்பனைக்கு வந்திருக்கின்றன, விலை கூடுதல்.